மேகம் மூடிய வெள்ளத்தை யார் படம் எடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

வெள்ளம் வந்தால் பிற நாட்டுச் செயற்கைக்கோள்கள் இலவசமாகப் படம் தருமாமே? யாரிடம் கேட்பது?
– வாசகி, மட்டக்களப்பு

தரும். 'சென்டினல் ஏசியா' என்ற கூட்டு ஏற்பாடு 2006 முதல் இதற்காகவே இயங்குகிறது. ஜப்பானின் ஜாக்ஸா, இந்தியாவின் இஸ்ரோ, தாய்லாந்தின் ஜிஸ்டா போன்ற விண்வெளி நிறுவனங்கள் படங்களைத் தருகின்றன. ஆனால் தனிமனிதர் கேட்க முடியாது. ஜப்பானின் கோபே நகரிலுள்ள ஆசியப் பேரிடர் குறைப்பு மையத்துக்கு அந்தந்த நாட்டின் பேரிடர் அமைப்பு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் நாட்டில் அது அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

பேரிடர் வகை, தேதி, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை அவசியம். மாகாணம் முழுவதையும் கேட்பது வீண். ஜாக்ஸாவின் ஏலோஸ்-2 செயற்கைக்கோள் 3 மீட்டர் நுணுக்கத்தில், அதாவது சுமார் 3 மீட்டர் அளவுள்ளதைக்கூடப் பிரித்துக் காட்டும்படி எடுத்தால் 50 கி.மீ. அகலம்தான் கிடைக்கும். 350 கி.மீ. அகலம் வேண்டுமென்றால் நுணுக்கம் 100 மீட்டராகிவிடும். ஊர் எங்கே, வயல் எங்கே என்று பிரித்தறிய முடியாது. எந்த ஆற்றங்கரை, எந்த ஊர்கள் என்று குறுக்கிக் கேளுங்கள்.

ஆசியச் செயற்கைக்கோள்கள் போதாவிட்டால்?
– வாசகர், கடலூர்

கோபே மையமே அந்தக் கோரிக்கையை, விண்வெளி நிறுவனங்களின் உலகளாவிய பேரிடர் உடன்படிக்கைக்கு அனுப்பி வைக்கலாம்.

அடைமழையில் மேகம் மறைக்காதா?
– கல்லூரி மாணவர், திருச்சி

சாதாரணக் கேமராவை மறைக்கும், ரேடாரை மறைக்காது. ரேடார் செயற்கைக்கோளான ஏலோஸ்-2 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 24 செ.மீ.; மேகத்தையும் இருளையும் அது பொருட்படுத்தாது. அசையாத நீர்ப்பரப்பு அலையைக் கண்ணாடிபோல் எதிர்ப்பக்கம் தெறிக்கவிடுவதால், செயற்கைக்கோளுக்கு அலை திரும்பாமல் படத்தில் வெள்ளம் கறுப்பாகத் தெரியும்.

ஏமாறும் இடங்களும் உண்டு. விமான ஓடுதளமும் கறுப்பாகவே விழும். பலத்த காற்றில் நீர் அலையடித்தால் வெளிறிவிடும். மூழ்கிய மரங்களுக்கிடையே ரேடார் அலை நீரிலும் தண்டிலும் பட்டுத் திரும்புவதால், அங்கே வெள்ளம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவிலும் இதே சிக்கல். நகரத் தெரு வெள்ளத்தை ரேடார் தவறவிடுவது இதனால்தான்.

ஆகவே அதே பாதையில், அதே கோணத்தில் எடுத்த பழைய படத்தோடு ஒப்பிடாமல் வரைபடம் வரையக் கூடாது. இரண்டிலும் கறுப்பாக இருப்பது குளமோ ஓடுதளமோ. புதிதாகக் கறுத்ததும், மரங்களுக்கிடையே புதிதாக வெளுத்ததுமே வெள்ளம். ஏலோஸ்-2 ஒரே பாதைக்குத் திரும்ப 14 நாளாகும். பழைய படத்தை மழைக்காலத்துக்கு முன்பே தேடி எடுத்து வைத்துவிட வேண்டும்.