ரத்தக்கட்டி வந்தவர்கள் நடக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்து பிழைத்த சிங்கப்பூர் வாசகர்களின் கடிதங்கள் இம்முறை அதிகம். பெரும்பாலானவற்றில் இருப்பது ஒரே பயம்தான்: உடம்பை அசைத்தால் மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ?

கே: காலில் ரத்தக்கட்டி. ஆறு வாரமாக ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறேன். நடந்தால் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடும் என்று மாமியார் வீட்டை விட்டு இறங்க விடுவதில்லை. – ஈசூன் வாசகி

ப: ஒரு காலத்தில் மருத்துவர்களே படுக்கையில் கிடக்கச் சொன்னார்கள். அந்தப் பயம்தான் இன்னும் வீடுகளில் இருக்கிறது. மருந்து தொடங்கியபின் நடந்தவர்களுக்கு, படுத்திருந்தவர்களைவிட நுரையீரல் அடைப்பு கூடுதலாக வரவில்லை என்பது பிறகு ஆய்வுகளில் தெரிந்தது. ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் கெண்டைக்கால் தசை சுருங்கி, ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. படுத்தே கிடந்தால் அந்த வேலை நின்றுபோகும்.

உங்கள் மருத்துவர் தடை சொல்லவில்லை என்றால், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே 10 நிமிடம் நடந்து தொடங்குங்கள். காலையிலேயே முடித்துவிடுங்கள், நம்மூர் வெயில் சீக்கிரம் ஏறிவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டலாம். மாலையில் கால் கனத்து லேசாக வீங்கினால் காலை உயர்த்தி வைத்து உட்காருங்கள். விடிந்தும் வீக்கம் வடியாமல் வலி கூடினால் மருத்துவரைப் பாருங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு நடங்கள், நேரில் பார்த்தால் அவர் பயமும் தெளியும்.

கே: நுரையீரலில் அடைப்பு வந்து நான்கு மாதம். எம்ஆர்டி ரயில் நிலையப் படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. – தோ பாயோ வாசகர்

ப: படுத்திருந்த உடம்பு தேறப் பல மாதம் ஆகலாம். ஆனால் 3 மாதம் மருந்து சாப்பிட்ட பிறகும் குறையாத மூச்சிரைப்பை ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். சிலருக்குக் கட்டி முழுதாகக் கரையாமல் தழும்பாகி, நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தத்தை ஏற்றிவிடும். எக்கோவும் (இதய ஸ்கேன்) நுரையீரல் ஸ்கேனும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் கோளாறு இல்லை என்று தெரிந்தபின், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இருமலில் ரத்தம் என்றால் உடனே 995-இல் ஆம்புலன்சை அழையுங்கள்.

கே: தைப்பூசத்துக்கு அலகுக் காவடி நேர்ந்திருக்கிறேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். – உட்லண்ட்ஸ் வாசகர்

ப: நேர்த்திக்கடனின் கனம் தெரிந்தே சொல்கிறேன், மருந்து சாப்பிடும் காலத்தில் அலகு வேண்டாம், குத்திய இடத்தில் ரத்தம் எளிதில் நிற்காது. அதற்காக மருந்தை நீங்களே நிறுத்துவது இன்னும் ஆபத்து. பால்குடம் எடுக்கலாமா என்று குருக்களிடம் பேசிப் பாருங்கள். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை 3 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். கார்த்திகையிலேயே நடைப் பழக்கத்தைத் தொடங்குங்கள். வரிசையில் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், தண்ணீர் குடியுங்கள். அப்புறம், விரதச் சாப்பாட்டில் திடீரென்று கீரை கூடினால் அதிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் சோதனைக்குப் போகும்போது விரதத்தைச் சொல்லிவிடுங்கள்.

கே: காற்பந்து? – செங்காங் வாசகர்

ப: ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் காலத்தில் வேண்டாம், அடிபட்டால் ரத்தக்கசிவு எளிதில் நிற்காது. நீச்சல் நல்லது. தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கே: நடந்து வந்து கால் வலித்தால் தைலம் தேய்க்கலாமா? கால் பிடித்துவிடும் கடைக்குப் போகலாமா? – பிடோக் வாசகி

ப: கட்டி வந்த காலை, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை யாரும் அழுத்திப் பிடித்துவிட வேண்டாம். தைலத்தில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறதா என்று புட்டியில் பாருங்கள். வார்ஃபரின் சாப்பிடுபவர் அதை நிறையத் தேய்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் கேட்காமல் போடாதீர்கள். பாராசிட்டமால் போதும். அதுவும் பல நாள் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.