வெயிலுக்குக் குறைவில்லாத வளரும் நாடுகளில் சூரிய மின்சாரம் ஏன் எல்லா வீடுகளுக்கும் வந்து சேரவில்லை?

மலேசியாவைப் பொறுத்தவரை, கூரை யாருடையது, மாத பில் எவ்வளவு என்ற இரண்டும்தான் இதை முடிவு செய்கின்றன. நான் கெடா மாநிலத்தில் புக்கிட் செலாம்பாவ் பக்கம் வயர்மேன். சுங்கைப் பட்டாணி தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) சோலார் தகடும் மாட்டுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மூன்று ஏர்கோன் ஓடும் தாமான் வீட்டுக்கு மாதம் நானூறு, ஐநூறு வெள்ளி (ரிங்கிட்) பில் வரும். சோலார் போட்டால் சில வருடங்களிலேயே போட்ட பணம் திரும்பிவிடும். தோட்டத் தொழிலாளர் வீட்டில் இருப்பது ஒரு ஐஸ்பெட்டி, இரண்டு காற்றாடி, டிவி. மாதம் 150 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் வரை முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.8 சென்தான் (நூறு சென் ஒரு வெள்ளி), ஆக பில் 33 வெள்ளியைத் தொடாது. பதினைந்தாயிரம் வெள்ளி செலவழித்து மாதம் 33 வெள்ளி மிச்சம் பிடித்தால் முதலை எடுக்கவே 38 வருடம் ஆகும். தகட்டுக்கு உத்தரவாதமே பொதுவாக 25 வருடம்தான். அந்த ஜூலையில் வந்த புதிய கட்டணத்திலும் குறைவாக எரிப்பவர்களுக்குக் கழிவு உண்டு. அந்தச் சலுகையை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வராது, ஏழைக்கு அது வேண்டும். ஆனால் சோலார் போடக் கணக்கு உதைப்பதும் அதனால்தான்.

பில் கூடுதலாக வந்தாலும் கூரை விடாது. தோட்டத்தில் ஓர் அத்தை, "தம்பி, எனக்கும் ஒண்ணு மாட்டிக் குடுப்பா" என்று கேட்டார். ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பழைய அஸ்பெஸ்டாஸ் கூரை. துளை போட்டால் கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கீழே கட்டையில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் மாவு மாதிரி உள்ளே போகிறது, அவ்வளவு கரையான். ஒரு தகடே இருபது கிலோவுக்கு மேல். போதாததற்கு வீடு தோட்ட நிர்வாகத்துடையது, வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டியதுதான். வேண்டாம் அத்தை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

எனக்கு அதிக ஆதங்கம் தமிழ்ப்பள்ளிகளை நினைத்துத்தான். காலையில் தொடங்கி மதியம் வரை காற்றாடி, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் வெயில் இருக்கும்போதே ஓடுகின்றன. பேட்டரிகூடத் தேவையில்லை. ஆனால் பல பள்ளிகள் இன்னும் தோட்ட நிலத்திலேயே நிற்கின்றன. நிலம் பள்ளியின் பெயரில் இல்லாதபோது இருபது வருட முதலீட்டுக்கு யார் கையெழுத்துப் போடுவார்?

இதே புக்கிட் செலாம்பாவில் 2020 முதல் 30 மெகாவாட் சோலார் பண்ணை ஓடுகிறது. அதன் மின்சாரம் பொது லைனில் கலந்து நாட்டுக்கே போகிறது, நல்லதுதான். பக்கத்துத் தோட்டக் குடும்பம் அதில் ஒரு சிறு பங்கு வாங்கி, அந்த யூனிட்டைத் தன் பில்லில் கழித்துக்கொள்ள வழி வேண்டும். டில்லியில் இதற்கு 2019-லேயே விதி கொண்டு வந்துவிட்டார்கள்: தகடு ஓரிடம், கழிவு இன்னோர் இடத்து மீட்டரில். சொந்தக் கூரை இல்லாதவர்களுக்கு இங்கும் அப்படி ஒரு திட்டம் வேண்டும், பங்குப் பணத்தை மாதத் தவணையாகக் கட்டும் வசதியோடு.