‘கெட்வாட்’டை எப்படி வழியனுப்புவது?

கேள்வி: காரைக்குடியில் இருந்து ஜாவாவில் பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். வரிக்கான இன்டர்ஃபேஸில் (எந்தெந்த மெத்தட் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம்) பழைய வாட் வரிக் காலத்து ‘கெட்வாட்’ என்ற மெத்தட் ஜிஎஸ்டி வந்த பிறகும் அதே பெயரில் ஓடுகிறது. ‘கெட்டேக்ஸ்’ என்று மாற்ற ஆசை. ஆனால் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கும் கண்டாங்கிச் சேலைக் கடைக்கும் எழுதித் தரும் வேறு மூன்று பேர் இதே இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்திருக்கிறார்கள். அவர்கள் கோட் உடையாமல் மாற்ற முடியுமா?

பதில்: முடியும், ஒரே நாளில் அல்ல. ஐடிஇ-யில் (கோட் எழுதும் மென்பொருள்) ரீநேம் கொடுத்தால் உங்கள் கணினியில் உள்ள கோட் மட்டும்தான் மாறும். அந்த மூவரில் ஒருவர் மறுபடி கம்பைல் செய்தால் எரர் வரும், அதுகூடப் பரவாயில்லை. கம்பைல் செய்யாமல் உங்கள் ஜாரை (கம்பைல் ஆன கோட் பொதி) மட்டும் மாற்றிப் போட்டார் என்றால், கடையில் பில் போடும் நேரத்தில்தான் ‘அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்எரர்’ விழும்.

நம்மூர் வீடுகளுக்கு முன்தெருவிலும் பின்தெருவிலும் வாசல் இருப்பதுபோல, கொஞ்ச காலம் இரண்டு பெயரும் இருக்கட்டும். 2014-ல் வந்த ஜாவா 8 முதல் இன்டர்ஃபேஸிலேயே டிஃபால்ட் மெத்தட், அதாவது கோடும் சேர்ந்த மெத்தட், எழுதலாம். முதல் வெளியீட்டில் ‘கெட்டேக்ஸ்’ டிஃபால்ட்டாக இருந்து பழைய ‘கெட்வாட்’டைக் கூப்பிடட்டும். பழையது அப்ஸ்ட்ராக்டாகவே, அதாவது கோட் இல்லாமல் பெயர் மட்டுமாகவே, இருக்கட்டும். அதன் தலையில் ‘இனிப் பயன்படுத்தாதீர்கள்’ என்று சொல்லும் ‘@டெப்ரிகேட்டட்’ குறி, ஜாவாடாக் விளக்கக் குறிப்பில் புதுப் பெயர். தனி கிளாஸ் இல்லாமல் லாம்டாவாகச் சுருக்கி எழுதியவர்களுக்கும் இதில் சிக்கல் இல்லை, அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் ஒன்றுதானே.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இரண்டையும் டிஃபால்ட்டாக்கி, ஒன்றை ஒன்று கூப்பிட வைப்பார்கள். பார்க்க அழகுதான். இரண்டையும் எழுதாத கிளாஸ்கூடச் சத்தமில்லாமல் கம்பைல் ஆகிவிடும். ஓடும்போது மாறி மாறிக் கூப்பிட்டு ‘ஸ்டாக்ஓவர்ஃப்ளோஎரர்’. எப்போதும் ஒரு பக்கம் அப்ஸ்ட்ராக்டாக இருக்க வேண்டும்.

மூவரும் உண்மையான கணக்கைப் புதுப் பெயருக்கு நகர்த்தியதும், அடுத்த பெரிய வெளியீட்டில் திசையைத் திருப்புங்கள்: ‘கெட்டேக்ஸ்’ அப்ஸ்ட்ராக்ட், ‘கெட்வாட்’ டிஃபால்ட். நகர்த்தாதவருக்கு இப்போது கம்பைல் எரர் வரும். அது வரத்தான் வேண்டும். கூடவே ‘@டெப்ரிகேட்டட்’ குறியில், ‘இது நீக்கப்படும்’ என்று சொல்லும் ‘ஃபார்ரிமூவல்’ என்பதை ட்ரூ ஆக்குங்கள். ஜாவா 9-லிருந்து உண்டு. வெறும் டெப்ரிகேட்டட்டுக்கு ஜாவாசி கம்பைலர் ஒரு வரிக் குறிப்போடு நிறுத்திக்கொள்ளும், இதற்கு எந்த ஆப்ஷனும் கொடுக்காமலே எச்சரிக்கும்.

எப்போது நீக்குவது? 1998-ல் டெப்ரிகேட் ஆன ஜாவாவின் சொந்த மெத்தட் ‘த்ரெட்.ஸ்டாப்’பை 2023-ல் வந்த ஜாவா 20-ல்தான் செயலிழக்க வைத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. மூன்று பேர்தானே, போன் போட்டுக் கேட்டுவிட்டு நீக்குங்கள். அதற்கு முன், பில் அச்சிடும் டெம்ப்ளேட்டுகளில் ‘வாட்’ என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். அங்கே மெத்தட் பெயர் வெறும் எழுத்தாக உட்கார்ந்திருக்கும், கம்பைலர் கண்ணுக்குப் படாது.