ஜப்பான் ஸ்கைலைன் கோவைக்கு வருமா? இறக்குமதிக் கார் கேள்வி-பதில்

கேள்வி: நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஆர்34 தலைமுறை மீது எனக்குப் பள்ளிக் காலத்திலிருந்தே ஆசை. அது இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதே இல்லை. ஏற்றுமதி முகவர் ஒருவர், ஜப்பான் ஏலத்தில் எடுத்துச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். வரி எவ்வளவானாலும் கட்டத் தயாராக இருக்கிறேன். பணம் அனுப்பலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அனுப்ப வேண்டாம். செட்டிபாளையம் பந்தயத் தடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரரிடம் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரி கட்டிக் கொண்டுவருவதற்கு இந்தக் காருக்கு வழியே இல்லை.

பயன்படுத்திய கார்களை இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வகுத்துள்ள நிபந்தனைகளில் முதலாவது, கார் தயாரான நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது. ஆர்34 ஜிடி-ஆர் 1999 ஜனவரியில் விற்பனைக்கு வந்து 2002 ஆகஸ்டில் நின்றுபோனது. ஆகவே கடைசியாக வெளிவந்த காருக்கும் 2005-லேயே அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும் என்ற மற்ற நிபந்தனைகளுக்கு ஜப்பானியக் கார் இயல்பாகவே பொருந்தும் என்பதால், முகவர்கள் அவற்றை மட்டும் எடுத்துச் சொல்லி வயது விதியை விட்டுவிடுவது வழக்கம். பயன்படுத்திய கார்களை மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே இறக்கலாம் என்பதும் அதே நிபந்தனைகளில் உள்ளது. உங்கள் முகவர் சென்னை என்று சொன்னதிலிருந்தே, அவர் அந்த விதியைப் படிக்கவில்லை, அல்லது நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறார் என்பது தெரிகிறது.

50 ஆண்டுகளைக் கடந்த பழம்பெரும் கார்களுக்கு 2021 முதல் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு வரிசை இருக்கிறது. அவற்றின் இறக்குமதி விதிகளும் வேறு. முதல் ஆர்34-க்கு அந்த வயது 2049-இல் வரும்.

காரைப் பாகம் பாகமாக வரவழைத்து இங்கே பூட்டிக்கொள்ளலாம் என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். உதிரிப் பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய வண்டிக்கு, அந்தக் காருக்கு உரிய பதிவுச் சான்று கிடைக்காது. வேறொரு காரின் பதிவுச் சான்றில் அதை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். தயாரிப்பாளர் குறித்துள்ள அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே கூறிவிட்டது.

இனி, புதிய காராக ஒன்றைக் கொண்டுவரலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்குக் கணக்கு இப்படி வரும். கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 50 லட்ச ரூபாய் மதிப்புள்ள பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் என்று வைத்துக்கொள்வோம். அது 40,000 டாலரைத் தாண்டிய விலை என்பதால் சுங்கம், அதனோடு வசூலிக்கும் வேளாண் உள்கட்டமைப்பு வரி இரண்டுமாக 110 சதவீதம், அதாவது 55 லட்சம். கூடிய தொகையான 1 கோடியே 5 லட்சத்தின் மீது 40 சதவீத ஜிஎஸ்டி, 42 லட்சம். ஆக 1 கோடியே 47 லட்சம் ஆகிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம் என்பதால் அதற்கு மேலும் 29 லட்சத்து 40 ஆயிரம். துறைமுகக் கட்டணமும் சுங்க முகவர் கூலியும் சேர்வதற்கு முன்பே, 50 லட்ச ரூபாய்க் கார் 1 கோடியே 76 லட்சத்தைத் தாண்டிவிடும். பயன்படுத்திய காருக்குச் சுங்க விகிதம் இதையும் விடக் கூடுதல். இந்த விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை என்பதால், வாங்கும் மாதத்தின் விகிதத்தைச் சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தைவிடச் சான்றிதழ்தான் பெரிய சிக்கல். இந்தியாவில் ஒப்புதல் பெறாத மாடல் என்றால் புனேயிலோ மானேசரிலோ ஓரகடத்திலோ உள்ள சோதனை நிலையங்களின் நடைமுறைக்கு உட்பட வேண்டியிருக்கும். ஒரே ஒரு காருக்காக அந்தச் செலவை ஏற்பதில் அர்த்தமில்லை. ஆண்டுக்கு 2,500 கார்கள் வரை உள்நாட்டுச் சோதனையின்றி இறக்கலாம் என்று 2018-இல் வந்த சலுகையை முகவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். அது தயாரிப்பாளருக்கும் அவருடைய அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிக்கும் உரியது, தனிநபருக்கு உரியதன்று. ஃபோக்ஸ்வாகன் 2025-இல் கோல்ஃப் ஜிடிஐ காரை முதல் தவணையாக 150 மட்டும் வரவழைத்து ஏறத்தாழ 53 லட்ச ரூபாய்க்கு விற்றது இவ்வகை இறக்குமதிதான். உங்களைப் போன்ற ஆர்வலருக்கு நான் சொல்லும் வழியும் அதுவே: நிறுவனமே குறைந்த எண்ணிக்கையில் கொண்டுவரும் கார்களுக்கு முன்பதிவு தொடங்கும் நாளில் தயாராக இருங்கள். பதிவு, காப்பீடு, உதிரிப் பாகம் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் தனியே அலைய வேண்டியிருக்காது.

கேள்வி: வட மாநிலப் பதிவெண் கொண்ட ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. இந்த மாடல் இங்கே விற்கப்பட்டதில்லை. ஆனால் ஆர்சி புத்தகம் சரியாக இருக்கிறது, இரண்டு கை மாறியும் இருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: இங்கே விற்கப்படாத காருக்கு ஆர்சி மட்டும் போதாது. அது எந்தத் துறைமுகத்தில், யார் பெயரில், எவ்வளவு வரி செலுத்தி உள்ளே வந்தது என்பதைச் சொல்லும் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்ற சுங்கப் பத்திரத்தைக் கேளுங்கள். அதிலுள்ள சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு ஆண்டையும் காரில் பொறித்திருப்பவற்றோடு நீங்களே குனிந்து பார்த்து ஒப்பிடுங்கள். ‘பழைய உரிமையாளரிடம் இருக்கிறது, பிறகு தருகிறேன்’ என்ற பதில் வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இத்தகைய கார்களில் சில, சுற்றுலாவுக்காகக் ‘கார்னே’ என்ற தற்காலிக அனுமதியில் வரியின்றி வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவை. வேறு சில, அண்டை நாட்டு எல்லை வழியாக வந்தவை. 2025 செப்டம்பரில் கேரளத்தில் ‘நும்கோர்’ என்ற பெயரில் சுங்கத்துறை நடத்திய சோதனையில், பூடான் வழியாகக் கடத்திப் போலி ஆவணங்களால் இந்தியப் பதிவு பெற்றவை என்ற சந்தேகத்தின் பேரில் 30-க்கும் மேற்பட்ட வாகனங்கள் பிடிபட்டன. வைத்திருந்தவர்களில் பலரிடம் ஆர்சி இருந்தது.

நான் இறக்குமதி செய்யவில்லையே, காசு கொடுத்துத்தானே வாங்கினேன் என்ற வாதம் ஓரளவு நிற்கும். 2002-இல் வந்த ஒரு போர்ஷே கரேராவைப் பின்னாளில் வாங்கியவர் ‘இறக்குமதியாளர்’ ஆகமாட்டார், எனவே அவரிடம் சுங்க வரி கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் அவர் அதற்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வரியை யார் கட்டுவது என்பது ஒருபுறம் இருக்க, முறைகேடாக வந்த சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் தனியே இருக்கிறது. பாதி விலைக்கு வாங்கிய கார் சுங்கக் கிடங்கில் நின்று துருப்பிடிப்பதைப் பார்க்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த காருக்குத் தடையில்லை என்கிறார்கள். எனக்கு வந்திருக்கும் ஆர்34, ‘2001 மாடல்’. 2026 பிறந்துவிட்டதால் உடனே கப்பலேற்றலாம் என்கிறார் விற்பவர். சரிதானா?
- வாசகர், நியூ ஜெர்சி

பதில்: மாடல் ஆண்டை வைத்துக் கணக்கிடுவதில்லை. கார் தயாரான மாதத்திலிருந்து 25 ஆண்டுகள் நிறைந்தால்தான் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரங்களிலிருந்து விலக்குக் கிடைக்கும். 2001 நவம்பரில் தயாரான கார் 2026 நவம்பருக்கு முன் இறங்கினால், துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தப்படலாம். ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழில் முதற்பதிவு மாதம்தான் இருக்கும். தயாரிப்பு அதற்கு முன்பே நடந்திருக்கும் என்பதால், முதற்பதிவிலிருந்தே 25 ஆண்டு ஆகியிருந்தால் கவலையில்லை. ஆகவில்லை என்றால் சேஸிஸ் எண்ணைக் கொண்டு நிசானின் பாகப் பட்டியலில் தயாரிப்பு மாதத்தைத் தேடி எடுக்க வேண்டும். அந்த எண் ‘பி.என்.ஆர்.34’ என்று தொடங்குகிறதா என்பதையும் பாருங்கள். ‘ஈ.ஆர்.34’ என்றிருந்தால் அது ஜிடி-ஆர் அன்று. ஜிடி-ஆர் போல ஒப்பனை செய்த சாதாரண ஸ்கைலைனாக இருக்கும்.

மாசு விதிக்கான விலக்கு 21 ஆண்டிலேயே வந்துவிடுகிறது. அடிப்படைச் சுங்கம் 2.5 சதவீதம். 2025-இல் வாகனங்களுக்கு விதிக்கப்பட்ட கூடுதல் வரியிலிருந்தும் 25 ஆண்டு கடந்தவை விலக்கப்பட்டுள்ளன. பின்னாளில் கலிபோர்னியாவுக்குக் குடிபோகும் எண்ணம் இருந்தால் மட்டும், அம்மாநிலத்தின் தனி மாசுச் சோதனைக்கு ஆகும் செலவை இப்போதே விசாரித்துவிடுங்கள்.

பணம் அனுப்பும் முன், காரின் நிலையைச் சோதித்து ஜப்பானிய ஏலக்கூடம் எழுதித் தரும் ஏலத் தாளின் மூலப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், விற்பவர் தட்டச்சு செய்த ஆங்கிலச் சுருக்கத்தை ஏற்க வேண்டாம். தாளின் ஓரத்தில் காரின் விரித்த கோட்டுப் படமும் அதன் மேல் சிறு குறிகளும் இருக்கும். ‘ஏ1’ என்றால் சிறு கீறல், ‘யூ’ என்றால் நசுங்கல், ‘டபிள்யூ’ என்றால் தட்டி நிமிர்த்திய தடம், ‘எக்ஸ்எக்ஸ்’ என்றால் அந்தத் தகடே மாற்றப்பட்டது. மேல் மூலையில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால், விபத்தில் அடிபட்டுப் பழுதுபார்த்த கார் அது. சுருக்கத்தில் முதலில் காணாமல் போவதும் அந்த ஓர் எழுத்துத்தான்.