வாசகர் கேள்வி: லாக்ஸ்னெஸ்ஸோடு சண்டை போடும் பேரப்பிள்ளைகள்

கேள்வி: ஐஸ்லாந்து நாவலாசிரியர் ஹால்டோர் லாக்ஸ்னெஸ்ஸைப் பற்றிப் போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இன்றைய எழுத்தாளர்களிடம் அவருடைய பாதிப்பு உண்மையிலேயே இருக்கிறதா? இல்லை, நோபல் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் நின்றுவிட்டாரா?
(கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: இருக்கிறது. ஆனால் அவரைப்போலவே எழுதுகிறவர்களைத் தேடினால் அதிகம் பேர் அகப்பட மாட்டார்கள். அவரோடு மல்லுக்கு நின்றவர்களைத் தேடுங்கள்.

1955-இல் அவருக்கு நோபல் கிடைத்தபோது ஐஸ்லாந்தின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. அவ்வளவு சின்ன சமூகத்தில் ஒரே ஆள் விவசாயி, மீனவப்பெண், ஏழைக் கவிஞன், அரசியல்வாதி என்று எல்லோரைப் பற்றியும் பெரிய பெரிய நாவல்களாக எழுதி வைத்துவிட்டால், அடுத்து வருகிறவனுக்கு மூச்சு முட்டத்தானே செய்யும்? 1966-இல் குத்பெர்கூர் பெர்க்சன் ஒரு நாவல் வெளியிட்டார். தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஒரு தரைக்கீழ் வீட்டில் படுக்கையில் கிடக்கும் கிழவர் நோட்டுப் புத்தகங்களில் கிறுக்கித் தள்ளுவதுதான் மொத்த நாவலும். கோத்துச் சொல்லும் கதை இல்லை, மலை இல்லை, ஆடு இல்லை, வீரம் இல்லை. லாக்ஸ்னெஸ் கட்டிய வீட்டுக்குள் குடியிருக்க மாட்டேன் என்று ஒரு தலைமுறை சொன்னதாகவே நான் அதைப் படிக்கிறேன்.

2001-இல் ஹால்கிரிமுர் ஹெல்காசன் எழுதிய 'ஐஸ்லாந்தின் ஆசிரியர்' இதைவிடத் துணிச்சலானது. புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் இறந்துபோகிறார். கண் விழித்துப் பார்த்தால், தான் எழுதிய நாவலுக்குள்ளேயே கிடக்கிறார். அவர் லாக்ஸ்னெஸ்தான் என்று ஐஸ்லாந்து வாசகர் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஸ்டாலினை ஆதரித்த காலமும் அந்த நாவலில் விசாரணைக்கு வருகிறது.

அந்த விசாரணைக்குக் காரணம் உண்டு. 1938-இல் மாஸ்கோவில் வேரா ஹெர்ட்ஷ் என்ற பெண்ணின் வீட்டில் லாக்ஸ்னெஸ் இருந்தபோது, ரகசியப் போலீஸ் வந்து அவளைக் கைது செய்தது. கைக்குழந்தையின் தாய் அவள். அவள் திரும்பி வரவே இல்லை. அதே ஆண்டு சோவியத் நாட்டைப் புகழ்ந்து பயண நூல் வெளியிட்ட லாக்ஸ்னெஸ், இந்தக் கைதைப் பற்றி 1963-இல்தான் எழுதினார். இருபத்தைந்து ஆண்டு மௌனம். அவருடைய நாவல்களை நான் உயிராக நேசிக்கிறேன். அதற்காக இந்த மௌனத்துக்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். ஹெல்காசனும் சொல்லவில்லை. அப்படியும் அந்த நாவல் முழுக்க லாக்ஸ்னெஸ்ஸின் கதைசொல்லும் உற்சாகம்தான் ஓடுகிறது. இதைவிடப் பெரிய பாதிப்பு என்ன வேண்டும்?

கேள்வி: சண்டை சரி. அவரிடமிருந்து நேரடியாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?
(வங்கி ஊழியர், விருதுநகர்)

பதில்: 'சுதந்திர மனிதர்கள்' நாவலை (1934-35) எடுத்துக்கொள்ளுங்கள். பியார்த்தூர் பதினெட்டு வருடம் ஒரு பெரிய வீட்டில் கூலிக்கு உழைத்து, பேய் குடியிருப்பதாக ஊர் சொல்லும் ஒரு மேட்டுநிலத்தை வாங்குகிறான். யாருக்கும் கடன்பட்டவனாக இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவன் மதம். ஆடுகள் பிழைக்க வேண்டும், மனிதர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள்.

கர்ப்பிணி மனைவி ரோசா கறிக்கு ஏங்கி, அவன் இல்லாத இரவில் ஒரு ஆட்டை அறுத்துச் சாப்பிட்டுவிடுகிறாள். காணாமல் போன ஆட்டைத் தேடி அவன் மலைக்குப் போகிறான். அங்கே ஒரு கலைமானைப் பிடிக்கப் போய், அதன் முதுகில் தொற்றியபடி பனிக்கட்டி மிதக்கும் ஆற்றுக்குள் விழுகிறான். படிக்கிற நமக்குச் சிரிப்பு தாங்காது. பனிப்புயலில் செத்துப் பிழைத்து அவன் வீடு திரும்பினால், ரோசா பிரசவத்தில் இறந்து கிடக்கிறாள். குழந்தைக்குச் சூடு கொடுத்தபடி நாய் படுத்திருக்கிறது.

அந்தச் சிரிப்புக்கும் இந்தச் சாவுக்கும் நடுவே ஆசிரியர் ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதில்லை. பியார்த்தூரைத் திட்டுவதும் இல்லை, மன்னிப்பதும் இல்லை. நிலத்துக்காக மகளோடு பேச்சை நிறுத்திக்கொண்ட ஒருவரை எங்கள் ஊரில் எனக்குத் தெரியும். அவரை வெறுக்காமல் எழுத முடியும் என்ற தைரியத்தை இந்த நாவல்தான் எனக்குக் கொடுத்தது.

இன்றைக்கு எழுதுகிறவர்களில் யோன் கால்மன் ஸ்டெஃபான்சனிடம் இன்னொரு இழையைப் பார்க்கலாம். 2007-இல் வந்த 'சொர்க்கமும் நரகமும்' நாவலில் பார்துர் என்ற மீனவன் மில்டனின் கவிதை வரிகளை மனப்பாடம் செய்யும் ஆர்வத்தில் மழைச்சட்டையை மறந்துவிட்டுப் படகேறுகிறான். கடலிலேயே விறைத்துச் செத்துப்போகிறான். லாக்ஸ்னெஸ்ஸின் 'உலகின் ஒளி' நாவலில் பட்டினியும் அடியுமாக வளர்ந்து கவிதையை விடாமல் பிடித்துக்கொள்ளும் அநாதை ஓலாஃபுர் எனக்கு உடனே நினைவுக்கு வந்தான். அந்த ஓலாஃபுரும் ஒரு நிஜ ஏழைக் கவிஞரின் நாட்குறிப்புகளிலிருந்து உருவானவன்தான். ஆனால் ஸ்டெஃபான்சனின் வாக்கியம் உருகி ஓடுகிற வாக்கியம். லாக்ஸ்னெஸ் இவ்வளவு உருக மாட்டார். என் ஓட்டு பழையவருக்குத்தான்.

கேள்வி: பெண் எழுத்தாளர்களில் யாரும் இல்லையா?
(ஆசிரியை, திருச்சி)

பதில்: அவருடைய பேத்தி அவுதுர் யோன்ஸ்தோத்திரே நாவலாசிரியர்தான், தாத்தாவைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார். ஆனால் நான் சொல்ல விரும்புவது அவுதுர் ஆவா ஓலாஃப்ஸ்தோத்திரை. 2018-இல் வந்த அவருடைய 'மிஸ் ஐஸ்லாந்து' நாவலில், 1963-இல் ஹெக்லா என்ற இளம்பெண் கையெழுத்துப் பிரதியோடு பஸ்ஸில் ரெய்க்யாவிக் வந்து சேர்கிறாள். அவள் நாவல் எழுத வந்தவள். மற்றவர்களோ அழகிப் போட்டிக்கு வா என்கிறார்கள். லாக்ஸ்னெஸ்ஸின் 'அணு நிலையம்' (1948) நாவலிலும் வடக்கிலிருந்து உக்லா என்ற பெண் தலைநகருக்கு வருகிறாள். ஆர்கன் வாத்தியம் கற்க வந்து, நாடாளுமன்ற உறுப்பினர் வீட்டில் வேலை செய்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். நாட்டையே கேள்வி கேட்கத் துணிந்த உக்லாவை லாக்ஸ்னெஸ் படைத்தார். அப்படிப்பட்ட பெண் தானே பேனா எடுத்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஓலாஃப்ஸ்தோத்திர் எழுதிவிட்டார்.

கேள்வி: ஐஸ்லாந்துக்கு வெளியே?
(வாசகர், மதுரை)

பதில்: 1946-இல் 'சுதந்திர மனிதர்கள்' அமெரிக்காவில் ஒரு புத்தக மன்றம் வழியாகச் சுமார் நாலரை லட்சம் பிரதிகள் போயின. அப்புறம் பல பத்தாண்டுகள் அங்கே அச்சிலேயே இல்லை. 1995-இல் நாவலாசிரியர் பிராட் லைதாசர் ஒரு நீண்ட கட்டுரை எழுதி அதற்காக வாதாடினார். 1997-இல் அவருடைய முன்னுரையோடு மறுபதிப்பு வந்தது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் கடைசியாக எழுதியவற்றில் ஒன்று, லாக்ஸ்னெஸ்ஸின் 'பனிமலையின் அடியில்' (1968) நாவலுக்கான முன்னுரை. ஒரு நல்ல புத்தகத்தைத் தூக்கி நிறுத்த இன்னொரு எழுத்தாளர் மெனக்கெடுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கேள்வி: எதில் தொடங்கலாம்?
(வாசகி, சேலம்)

பதில்: 1957-இல் வந்த 'மீனும் பாடும்'. நோபல் விருந்தில் பேசும்போது, எழுத்து கற்கும் முன்பே தனக்குப் பழம்பாடல்களைச் சொல்லிக்கொடுத்த பாட்டியை லாக்ஸ்னெஸ் நன்றியோடு நினைத்துக்கொண்டார். இந்த நாவலில், தாத்தா பாட்டி என்று தான் அழைக்கும் முதியவர்களின் குடிசையில் வளரும் ஒரு பையன் கதை சொல்கிறான். ஊரில் மீன் கிடைக்காத நாளிலும் குவிந்து கிடக்கும் நாளிலும் தாத்தா ஒரே விலைக்குத்தான் விற்பார். அந்தப் பகுதி ஆரம்பத்திலேயே வந்துவிடும். அது உங்களுக்குப் பிடித்தால் பியார்த்தூரிடம் போங்கள். 'மீனும் பாடும்' நாவலுக்கு மேக்னஸ் மேக்னஸனின் ஆங்கில மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது.