கம்பேக் சாஸ் வீட்லயே பண்றேன், 5 மாசம் முழுகாம இருக்கேன், சாப்பிடலாமா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்க அமெரிக்கால மிசிசிப்பி ஸ்டேட்ல ஜாக்சன் பக்கத்துல இருக்கோம், வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பக்கத்து வீட்ல இருக்கற வயசான அம்மா ஒருத்தங்க கம்பேக் சாஸ் பண்ண சொல்லிக்குடுத்தாங்க. ரெண்டு பச்சை முட்டை, ஒரு கப் எண்ணெய் விட்டு மிக்ஸில அடிச்சு, அதுல கெட்சப், சில்லி சாஸ், பூண்டு, வெங்காயம், எலுமிச்சை எல்லாம் சேர்த்து பெரிய பாட்டில்ல போட்டு பிரிட்ஜ்ல வச்சிருவேன், ரெண்டு மூணு வாரம் ஓடும். பிரெஞ்ச் பிரைஸ், சாண்ட்விச், சாலட், சில நாள் தோசைக்கு கூட அதான். இப்ப எனக்கு 5 மாசம். தமிழ்நாட்ல மயோனைஸையே தடை பண்ணிட்டாங்க நீ பாட்டுக்கு சாப்பிடறியேன்னு அம்மா போன்ல ஒரே சத்தம், பயந்து போய் 10 நாளா தொடல. வீட்டுக்காரருக்கு 41 வயசு, பிபிக்கு லோசார்டன் எடுக்கறார், பொண்ணுக்கு 6 வயசு. சுத்த சைவமான மாமியார் அடுத்த மாசம் வராங்க. இந்த சாஸ மொத்தமா நிறுத்திடணுமா?

பதில்: நிறுத்த வேண்டாம்மா. பண்ற விதத்தை மாத்தணும், அதுவும் இன்னைக்கே மாத்தணும். பிரிட்ஜ்ல அந்த பழைய பாட்டில் இன்னும் இருந்தா முதல்ல அதை கொட்டிட்டு வந்து மீதிய படிங்க.

உங்க பயத்தை முதல்ல பார்த்துருவோம். பச்சை முட்டைல நாம பயப்படற கிருமி சால்மோனெல்லா, அது உள்ள போனா பெரும்பாலும் 6 மணி நேரத்துலருந்து 6 நாளைக்குள்ள காய்ச்சல், வயித்து வலி, பேதின்னு காட்டிரும். நீங்க விட்டு 10 நாள் ஆச்சு, ஒண்ணும் வரலன்னா இதுவரை சாப்பிட்டதை நினைச்சு தூக்கத்தை கெடுத்துக்காதீங்க. ஆனா லிஸ்டீரியான்னு இன்னொரு கிருமி இருக்கு, அது பிரிட்ஜ் குளிர்லயே மெதுவா வளரும், முழுகாம இருக்கறவங்கள தான் அதிகமா பிடிக்கும், சாப்பிட்டு சில வாரம் கழிச்சு கூட வெறும் ஜுரம், உடம்பு வலின்னு ஃப்ளூ மாதிரி வந்து நிக்கும். அதனால அடுத்த ரெண்டு மாசத்துல எப்ப ஜுரம் வந்தாலும் சாதாரண ஜுரம்னு வீட்ல இருக்காம உங்க மகப்பேறு டாக்டருக்கு போன் பண்ணி இந்த சாஸ் விஷயத்தையும் சேர்த்து சொல்லிடுங்க. ரத்தம் கலந்த பேதி, தண்ணி கூட உள்ள நிக்காத வாந்தி, குழந்தை அசைவு குறையற மாதிரி தோணறது, இதுல எது வந்தாலும் நேரா ஆஸ்பத்திரிதான்.

அம்மா சொன்னது சரிதான், தமிழ்நாட்ல 2025 ஏப்ரல் 8லருந்து ஒரு வருஷத்துக்கு தடை போட்டாங்க, ஆனா அந்த தடை பச்சை முட்டைல அடிக்கற மயோனைஸுக்கு மட்டும்தான். நீங்க மிக்ஸில அடிச்சது அதே சரக்குதான்மா. அமெரிக்கால முட்டைய கழுவி குளிர்ல வச்சு விக்கறாங்களே, அது சுத்தம்தானேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஓட்டுக்கு வெளிய சுத்தம், சரி. கோழியோட சினைப்பைலயே கிருமி இருந்தா ஓடு உருவாகறதுக்கு முன்னாடியே அது முட்டைக்குள்ள போயிடுமே, அதை எந்த கழுவலும் எடுக்காது. எலுமிச்சை பிழிஞ்சா செத்துரும்னு நம்பி விடறதும் தப்பு, பிரிட்ஜ்ல வச்சா சால்மோனெல்லா வளர்றது பெரும்பாலும் நிக்கும், சாகாது. கடைல விக்கற பாட்டில் மயோனைஸ் அங்க பாஸ்சரைஸ் பண்ண, அதாவது கிருமி சாகற அளவுக்கு சூடு காட்டின முட்டைல, வினிகர் புளிப்போட வருது, அதனால இந்த விஷயத்துல அது உங்க வீட்டு மிக்ஸிய விட பாதுகாப்பு. வீட்டு சாப்பாடுதான் நல்லதுன்னு எல்லாருக்கும் சொல்ற டாக்டர் நான், இந்த ஒரு இடத்துல பாட்டில வாங்குங்கன்னு தான் சொல்வேன்.

நானும் ரெசிடென்சி (டாக்டர் மேல்பயிற்சி) சமயத்துல ஜாக்சன்ல மூணு வருஷம் இருந்தவ. இந்த சாஸ் அந்த ஊரோடது, 1930கள்ல அங்க கிரேக்க குடும்பங்க நடத்தின ரெஸ்டாரன்ட்ல பிறந்ததுன்னு சொல்வாங்க. கேப்பிட்டல் ஸ்ட்ரீட்ல 1935லருந்து இருக்கற மேஃப்ளவர் கஃபேல உக்காந்தா கம்பேக்கும் உப்பு பிஸ்கட்டும் முன்னாடி வந்துரும், சாப்பாடு வர்றதுக்குள்ள அத தொட்டு தொட்டே பாதி வயிறு ரொம்பிரும். அதனால உங்க ஆசை எனக்கு நல்லாவே புரியுது. ஆனா அதே ஊர்ல ஒரு ஜூலை மாசம் ஞாயித்துக்கிழமை, வெளிய மரத்தடில சாப்பாடு, மேஜைல ஒரு கண்ணாடி கிண்ணத்துல வீட்ல பச்சை முட்டைல பண்ண சாஸ் 11 மணிக்கு வச்சது, 3 மணிக்கு நான் பாக்கறப்ப மேல ஆடை மாதிரி காஞ்சு ஓரமெல்லாம் ஆரஞ்சு கலர்ல எண்ணெய் பிரிஞ்சு நிக்குது, அப்பவும் ஒரு பையன் அதுல கேட்ஃபிஷ் (கெளுத்தி மீன்) துண்டை முக்கிட்டு இருந்தான். மறுநாள் ராத்திரி டூட்டில அந்த விருந்துலருந்து நாலு பேர் வாந்தி பேதியோட வந்தாங்க, அதுல ஒருத்தருக்கு 70 வயசுக்கு மேல, ட்ரிப்ஸ் ஏத்தி ரெண்டு நாள் வச்சிருந்தோம். எது காரணம்னு யாரும் டெஸ்ட் பண்ணி பாக்கல, ஆனா அந்த கிண்ணம் என் கண்ணுல அப்படியே இருக்கு. வெளிய வச்சா 2 மணி நேரம், வெயில் 32 டிகிரி செல்சியஸ் தாண்டினா 1 மணி நேரம், அதுக்கப்புறம் மிச்சம் எவ்ளோ இருந்தாலும் குப்பைக்குத்தான். உங்க ஊர் கோடைல அந்த 1 மணி நேர கணக்குதான் பொருந்தும்.

அடுத்தது பூண்டு. இதை யாரும் யோசிக்கறதில்ல. பச்சை பூண்டு மண்ணுக்குள்ள விளையறது, அதுல பாட்டுலிசம்னு நரம்பை முடக்கற நோய வர வைக்கற கிருமியோட விதை இருக்கலாம், எண்ணெய் சூழ்ந்து காத்து படாம, புளிப்பும் பத்தாம கிடந்தா அது முளைச்சு விஷத்தை விட ஆரம்பிக்கும். கெட்டுப்போன வாசனை கூட வராது. உங்க சாஸ்ல எலுமிச்சை, கெட்சப்னு புளிப்பு இருக்கறதால பூண்டு எண்ணெய் அளவுக்கு ஆபத்து இல்ல, இருந்தாலும் பச்சை பூண்டும் வெங்காயமும் சேர்த்த வீட்டு சாஸ 2, 3 வாரம் வைக்கறது ரொம்ப ஜாஸ்திம்மா. 4 நாள், அதுக்கு மேல வேண்டாம். பிரிட்ஜ் 4 டிகிரிக்கு கீழ இருக்கான்னு ஒரு சின்ன தெர்மாமீட்டர் வச்சு பாருங்க, நிறைய வீட்ல பிரிட்ஜ் கதவு பக்கம் 7, 8 காட்டும், நாம சாஸ் பாட்டில வைக்கறது சரியா அங்கதான்.

இப்ப வீட்டுக்காரர். அவருக்கு பிரச்சனை முட்டைய விட உப்பு. நம்ம ஆளுங்க சாஸ்ல தனியா உப்பு போடலயேன்னு சொல்வாங்க, ஆனா அதுல போற ஒவ்வொரு பாட்டில்லயும் உப்பு ஏற்கனவே இருக்கு. வழக்கமான அளவுல கணக்கு போட்டு பாத்தேன், 1 கப் மயோனைஸ், கால் கப் சில்லி சாஸ், கால் கப் கெட்சப், ஒரு டேபிள்ஸ்பூன் வூஸ்டர்ஷைர் சாஸ், ஒரு டேபிள்ஸ்பூன் ஹாட் சாஸ், கொஞ்சம் கடுகு பேஸ்ட், எல்லாம் சேர்ந்து ஒரு டேபிள்ஸ்பூனுக்கு கிட்டத்தட்ட 140 மில்லிகிராம் சோடியம், 60, 65 கலோரி வருது. ஒரு ஸ்பூனோட யார் நிறுத்தறாங்க, பிரைஸுக்கு சர்வசாதாரணமா 4 ஸ்பூன் போகும், 560 ஆச்சு. ஒரு நாள் முழுக்க 2000 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பிபி இருக்கறவங்க 1500க்கு இறங்கினா இன்னும் நல்லதுன்னு அமெரிக்க இதய சங்கம் சொல்லுது. அப்ப தொட்டுக்கற சாஸ்லயே மூணுல ஒரு பங்கு கிட்ட போயிடுச்சு, பிரைஸ் மேல தூவின உப்ப இன்னும் எண்ணவே இல்ல.

இதை குறைக்கலாம், ருசி போகாமலே. நான் வீட்ல பண்றது இப்படித்தான்: பாட்டில் மயோனைஸ் அரை கப், சர்க்கரை இல்லாத கெட்டி கிரீக் தயிர் அரை கப் (பாஸ்சரைஸ் பண்ண பால்ல செஞ்சதுன்னு டப்பால பாத்துக்கோங்க), உப்பு சேர்க்காத கெட்சப் கால் கப், சில்லி சாஸ் வேண்டவே வேண்டாம், அதுக்கு பதிலா அரை டீஸ்பூன் பாப்ரிகாவும் கால் டீஸ்பூன் மிளகாய் தூளும். வூஸ்டர்ஷைர் 1 டீஸ்பூன், டபாஸ்கோ மாதிரி உப்பு கம்மியான ஹாட் சாஸ் 1 டீஸ்பூன் (லூசியானா ஸ்டைல் ஹாட் சாஸ் பலதுல இதைப்போல நாலஞ்சு மடங்கு உப்பு இருக்கும், லேபிள பாத்து எடுங்க), காஞ்ச கடுகு தூள் அரை டீஸ்பூன், அரை எலுமிச்சை சாறு, ஒரு பல் பூண்டு, சின்ன வெங்காயம்னா மூணு துருவி நீரோட சேர்க்கணும், அந்த நீர்தான் வாசனை. கடைசில மிளகு, கொஞ்சம் தாராளமாவே, புதுசா பொடிச்சது. கலந்த உடனே டேஸ்ட் பாத்துட்டு உப்பு பத்தலன்னு போட்டுறாதீங்க, ராத்திரி முழுக்க பிரிட்ஜ்ல ஊறட்டும், காலைல பூண்டும் மிளகும் இறங்கி வேற சாஸ் மாதிரி இருக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு பாத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. இதுல ஒரு டேபிள்ஸ்பூனுக்கு சோடியம் 40 பக்கம்தான், கலோரியும் 40க்குள்ள. பக்கத்து வீட்டு அம்மா இது கம்பேக்கே இல்லன்னு சொல்லலாம், அவங்க கைப்பக்குவம் அவங்களுக்கு, உங்க வீட்டுக்காரரோட பிபி நமக்கு முக்கியம்.

ஒரு எச்சரிக்கை, இதை கண்டிப்பா ஞாபகம் வச்சுக்கோங்க. உப்பை குறைக்கறேன்னு கடைல லோ சோடியம் சால்ட் வாங்கி போட்டுறாதீங்க. அதுல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் இருக்கும், லோசார்டன் உடம்புல பொட்டாசியத்தை ஏத்தற மாத்திரை, ரெண்டும் சேர்ந்தா அளவு மேல போயி இதயத் துடிப்பே தடுமாறலாம், கிட்னி கொஞ்சம் வீக்கா இருந்தா இன்னும் ஆபத்து. அவர் டாக்டர்கிட்ட கேக்காம அது வீட்டுக்குள்ள வரக்கூடாது.

அப்புறம் எதை தொட்டு சாப்பிடறீங்கங்கறது இருக்கே, சாஸ விட அதுதான் பெரிய கதை. உங்க ஊர் இருக்கற தென்கிழக்கு அமெரிக்காவை டாக்டர்கள் ஸ்ட்ரோக் பெல்ட்னே சொல்றோம், பக்கவாதம் அங்க மத்த இடத்தை விட அதிகம். ரிகார்ட்ஸ்னு ஒரு பெரிய ஆய்வு, 2003ல ஆரம்பிச்சு 30,000 பேர் கிட்ட பின்தொடர்ந்தது, அதுல 2015ல வந்த முடிவுல பொரிச்சது, கூடுதல் கொழுப்பு, பதப்படுத்தின கறி, இனிப்பு குளிர்பானம்னு அந்த தெற்கத்தி சாப்பாட்டை அதிகமா சாப்பிட்டவங்களுக்கு மாரடைப்பு மாதிரி இதய நோய் அபாயம் 56 சதவீதம் கூடுதலா தெரிஞ்சுது. அதனால பொரிச்ச ஊறுகாய் வெள்ளரி, வெங்காய வளையம் எல்லாம் மாசத்துல ஒரு நாள் வெளிய போறப்ப சரி. வீட்ல இதே சாஸுக்கு ஓவன்ல வாட்டின உருளைக்கிழங்கு, கேரட், வெள்ளரிக்காய், அவிச்ச இறால் எவ்ளோ நல்லா இருக்கும்! உங்களுக்கு நான் முக்கியமா சொல்றது கேட்ஃபிஷ். மிசிசிப்பில பண்ணைல வளர்க்கறது, பாதரசம் கம்மி, முழுகாம இருக்கறவங்க சாப்பிடலாம்னு அமெரிக்க உணவு மருந்து துறையே நல்ல மீன் பட்டியல்ல வச்சிருக்கு. வாரத்துக்கு 225லருந்து 340 கிராம் வரைக்கும் இந்த மாதிரி மீன் எடுக்கலாம். சோள மாவுல மிளகு, மஞ்சள் கலந்து பிரட்டி, மேல லேசா எண்ணெய் தடவி ஓவன்ல உள்ள வரைக்கும் நல்லா வேக விட்டு, பக்கத்துல ரெண்டு ஸ்பூன் புது கம்பேக். குழந்தைக்கும் சேர்த்து சாப்பிடறீங்கம்மா, நல்லா சாப்பிடுங்க.

பொண்ணுக்கு இந்த புது முறைல பண்ணது தாராளமா குடுக்கலாம், மிளகாய் தூள மட்டும் குறைச்சுக்கோங்க. முட்டை அலர்ஜி, மீன் அலர்ஜி இருக்கற பிள்ளைங்க வீட்டுக்கு விளையாட வந்தா குடுக்காதீங்க, ஏன் மீன்னு கேப்பீங்க, அதுக்குத்தான் உங்க மாமியார் விஷயத்துக்கு வரேன்.

வூஸ்டர்ஷைர் சாஸ்ல நெத்திலி மாதிரியான ஆன்சோவி மீன் போடறாங்க, புளிக்க வச்சது, கறுப்பா சோயா சாஸ் மாதிரி இருக்கறதால யாருக்கும் தெரியறதில்ல, எத்தனையோ சைவக்காரங்க வருஷக்கணக்கா தெரியாம சாப்பிட்டிருக்காங்க. அத்தைக்கு தெரியாம குடுத்துறாதீங்க, நம்பி சாப்பிடறவங்க. அந்த பாட்டில்ல மீனோட நம்ம புளியும் ஒரு சாமான்தான், அதனால மாத்து ரொம்ப சுலபம், 1 டீஸ்பூன் கெட்டி புளிக்கரைசல், ரெண்டு சொட்டு வினிகர், ஒரு சிட்டிகை வெல்லம், ஒரு சிட்டிகை பெருங்காயம். மயோனைஸுக்கு முட்டை இல்லாத வகை அங்க நிறைய கடைல இருக்கு. அத்தைக்கு பண்றத தனி பாட்டில்ல போட்டு, தனி ஸ்பூன் வச்சு, மேல தேதி எழுதி ஒட்டிடுங்க. உங்க பாட்டில்லயும் தேதி எழுதுங்க, 4ம் நாள் ராத்திரி மீதி இருந்தா கொட்டிடுங்க, அதனால நான் மேல சொன்ன அளவுக்கு மேல ஒரு தடவைக்கு பண்ணாதீங்க.

வீட்டுக்காரர் ரெண்டு வாரம் காலைல மாத்திரை போடறதுக்கு முன்னாடியும், ராத்திரியும் பிபி பாத்து எழுதி வைக்கட்டும், அவரோட டாக்டர அடுத்த தடவை பாக்கறப்ப அந்த பேப்பர கைல எடுத்துட்டு போக சொல்லுங்க, எனக்கும் ஒரு காப்பி அனுப்பி வைங்க.