பூசணிப் பிஞ்சு உதிர்கிறது, தேனீ வர என்ன செடி நடலாம்?

திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடத்தில் பூசணியும் பீர்க்கையும் போட்டிருக்கிறேன், கத்தரியும் இருக்கிறது, பூசணியில் பூ நிறைய வருகிறது ஆனால் பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது, தேனீயே கண்ணில் படுவதில்லை. ஒருமுறை நட்டால் பல வருஷம் நிற்கிற செடியாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். அதற்கு முன்னால் விழுந்த பிஞ்சு ஒன்றிரண்டை அறுத்துப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை, எத்தனை தேனீ வந்தாலும் அது தீராது, பொறிதான் வைக்கணும். புழு இல்லாமல் சுருங்கி வெம்பியிருந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். பூசணிப்பூ விடியும்போதே விரிந்து வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், அதனால் காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் கொடிப்பக்கம் நின்று பாருங்கள். பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் தேனீ வரவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

சரி, செடி. நான் முதலில் சொல்வது நொச்சி. மழைக்காலத்தில் பென்சில் தடிமனுக்கு ஒரு குச்சி வெட்டி ஊன்றினாலே வேர்பிடித்துவிடும், ஆடு மாடு தொடாது, நீலநிறக் கொத்துப்பூவில் அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ எல்லாம் வந்து மொய்க்கும். உயரமாகப் போகும் என்பதால் கவாத்து பண்ணவேண்டி வரும். ஒரேயடியாக மொட்டையடிக்காமல் ஒரு தடவைக்குப் பாதியை மட்டும் வெட்டினால் மீதிப்பாதியில் பூ இருந்துகொண்டே இருக்கும். அப்புறம் துளசி. அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் இலை நிறைய வரட்டும் என்று கதிரைக் கிள்ளிக்கிள்ளிப் போட்டுவிடுகிறோம். நாலைந்து செடி வைத்து, இரண்டில் மட்டும் கிள்ளிக்கொள்ளுங்கள், மற்றதைப் பூக்கவிடுங்கள்.

உங்களிடம் கத்தரி இருப்பதால் ஆவாரையும் ஒன்று வேண்டும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் குழல் போன்ற பைக்குள் இருக்கிறது. மூங்கிலைத் துளைக்குமே அந்தப் பெரிய கருவண்டு, அது பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்துத்தான் அதை உதிர்த்து எடுக்கும். கத்தரிப்பூவும் தக்காளிப்பூவும் இதே மாதிரிதான் மகரந்தத்தைப் பூட்டி வைத்திருக்கின்றன, சாதாரணத் தேனீயால் அப்படி அதிரவைக்க முடியாது, ஆகவே ஆவாரைக்கு வருகிற வண்டு உங்கள் கத்தரிக்கும் உதவும். விதையின் தோல் கெட்டி; சொரசொரப்பான தரையில் லேசாகத் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்து, நிரந்தரமாக நிற்கப்போகிற இடத்திலேயே விதையுங்கள். ஆணிவேர் ஆழமாகப் போகும், பிடுங்கி நட்டால் சரியாக வராது. பிடித்தபின் தண்ணீர் அதிகம் ஊற்றவேண்டாம். கருவண்டு தங்க ஒரு காய்ந்த மூங்கிலோ பழைய முருங்கைக் கட்டையோ மூலையில் கிடக்கட்டும்.

தும்பை பல வருஷம் நிற்காது, ஆனால் மழை பெய்தால் தானே முளைக்கும், களையென்று பிடுங்காமல் இருந்தால் போதும். வெட்சி அழகுதான், அதன் பூக்குழல் நீளம், தேன் வண்ணத்துப்பூச்சிக்குத்தான் எட்டும், பூசணிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. உண்ணிச்செடியை மட்டும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பூச்சி வரும், மறுக்கவில்லை, ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து முதுமலைக் காட்டையே மூடிக்கொண்டிருக்கிற செடி. அடுக்குப்பூக்களும் வேண்டாம், அவற்றில் மகரந்தத்தாள்களே இதழாக மாறிவிடுவதால் தேனீக்கு அதிகம் கிடைக்காது.

தோட்டத்தில் ஒரு பக்கம் மூடாக்கு போடாமல் வெறும் மண்ணாக விடுங்கள், தனியாக வாழும் தேனீக்களில் பல வகை மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடும்.

மருந்து விஷயம். வேப்பெண்ணெய்க் கரைசலாகவே இருந்தாலும் காலையில் அடிக்காதீர்கள். மாலையில் அடியுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள், பூசணிக்கு அது சரி, ஆனால் பீர்க்கையும் சுரையும் பூப்பதே சாயங்காலம்தான், சுரைக்கு இரவில் அந்துப்பூச்சியும் வரும். அந்தக் கொடிகளில் பூவில் படாமல் இலையின் அடிப்பக்கமாகப் பார்த்து அடிக்கணும்.

இந்தச் செடிகள் வளர்ந்து பூக்கிறவரை இந்தப் பட்டத்துப் பூசணியைக் கையால்தான் காப்பாற்ற முடியும். ஆண்பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, அடியில் குட்டிக்காய் வைத்திருக்கிற பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள், காலை எட்டு மணிக்குள்.